துப்பாக்கிக்கு விட்ட பனியன் கம்பெனி எண்ணெய்

உங்களில் எத்தனை பேர் துப்பாக்கி கழுவியிருக்கிறீர்கள்? சோற்றுப்பானை கழுவியிருப்பீர்கள், பால் செம்பு கழுவியிருப்பீர்கள், பொங்கலுக்கு மாடு கழுவியிருப்பீர்கள். துப்பாக்கி? நம் வயதுக்காரிகள் நாலு பேர் கூடினால் முட்டிவலியும் மருமகளும் தவிர வேறு பேச்சு வருவதில்லை. அதனால் இன்றைக்கு நான் துப்பாக்கி கழுவியதைப் பற்றிச் சொல்கிறேன். முட்டிவலி எங்கேயும் ஓடிவிடாது, பிறகு பேசிக்கொள்ளலாம்.

அமராவதி அணை கட்டி, வாய்க்காலில் தண்ணீர் விட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் தோட்டம். தோட்டத்துக்கு நடுவில் ஓடு போட்ட சாளை வீடு. அதில் அப்பா, அம்மா, அக்கா, நான். அக்கா கல்யாண வயதில் இருந்தாள், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். தண்ணீர் வந்ததும் அப்பா கடலைக்காய் போட்டார். கடலைக்காய் முற்றியதும் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கியது. பன்றிக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து, பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி, ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார்.

இப்போது போலத் தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும், தேங்காய் நாரைத் திணிக்க வேண்டும், ஈய ரவையைப் போட்டு மறுபடியும் நாரை வைத்து, நீளமான இரும்புக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அடியில் குழலின் மூக்கு என்று ஒரு சின்னத் துளை. அதன்மேல் கேப் என்கிற சின்ன வெடிமூடியை மாட்டிக் குதிரையை இழுத்தால் வெடிக்கும். மருந்து வைக்க அப்பாவிடம் காங்கேயம் காளையின் கொம்பு ஒன்று இருந்தது. கறுப்பாக, வழுவழுவென்று, மரமூடி போட்டு இருக்கும். அது எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அதன் மூடியைத் திறந்து மோந்து பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

வெடிக்கிறவரைக்கும்தான் அப்பாவின் வேலை. அதற்கப்புறம் எல்லாம் அம்மாவின் தலையில். வெடித்த குழலுக்குள் கரி படியும். படிந்தால் சும்மா இருக்காது. காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கசியும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், ஒரு நாள் விட்டால் துருப்பிடிக்கும். நாலைந்து வெடிக்கு மேல் துடைக்காமல் போட்டால் கம்பி உள்ளே இறங்காது. அதனால் வெடிக்கு நடுவே நனைத்த துணியைக் கம்பியில் சுற்றி ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அன்றைக்கே குழலைக் கட்டையிலிருந்து கழற்றிக் கழுவியாக வேண்டும்.

அம்மா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். குழலின் மூக்கு ஒரு பழைய ஈயச்சட்டிக்குள் இருக்கும்படி சாய்த்து, வாயில் புனல் வைத்து, சீயக்காய்த்தூள் போட்ட வெந்நீரை ஊற்றுவாள். மூக்குத் துளை வழியாக நூல் போலக் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் நிறமாகி, கடைசியில் வெறும் தண்ணீராக வரும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. எவ்வளவு சூடு ஊற்றுகிறாளோ அவ்வளவு சீக்கிரம் குழல் தானே காய்ந்துவிடும். பிறகு துணியால் துடைத்து, காங்கேயத்திலிருந்து வருகிற செக்குத் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து உள்ளே ஓட்டுவாள். தேங்காய் எண்ணெய் பட்ட குழலில் அடுத்த நாள் விழுகிற கரி மெத்தென்று இருக்கும், சுலபமாக வரும். அக்கா கூடமாட நின்று குழலைப் பிடித்துக்கொள்வாள்.

ஊரில் அப்பாவின் துப்பாக்கிக்கு நல்ல பெயர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் துப்பாக்கி பத்து தடவை மக்கர் பண்ணும், அப்பாவுடையது ஒரு தடவைகூடப் பண்ணாது. "எல்லாம் என்ற கைராசி" என்று அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். அம்மா அடுப்படியில் கரிபிடித்த விரலைப் புளியால் தேய்த்துக்கொண்டிருப்பாள், மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. அம்மாவுக்கு வந்ததா என்று தெரியாது.

அந்தத் துப்பாக்கியைத் துடைக்கிற துணி எங்கேயிருந்து வந்தது என்று கேளுங்கள். திருப்பூரிலிருந்து வந்தது. என் அத்தை மகன் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் மெஷினுக்கு ஃபிட்டராக இருந்தார். வரும்போதெல்லாம் வெட்டிப்போட்ட பனியன் துணிகளை ஒரு மூட்டை கட்டிக் கொண்டுவருவார். பழைய வேட்டித் துணி குழலுக்குள் நூல் நூலாகப் பிரிந்து சிக்கும், பனியன் துணி சிக்காது, ஈரத்தையும் நன்றாகக் குடிக்கும். அம்மாவுக்கு அந்த மூட்டையைக் கண்டால் புடவை கண்ட மாதிரி இருக்கும். எனக்கு அவர் மச்சான். அக்காவுக்கும் முறைப்படி மச்சான்தான், ஆனால் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. அவர் வருகிறார் என்று தெரிந்தால் இரண்டு தடவை தலை வாருவாள். சாளையில் இருந்த கோழிக்குக்கூட விஷயம் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

முறை மாப்பிள்ளைதானே, கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். மண்ணை விட்டுவிட்டு மெஷினுக்குப் போனவன் என்று அப்பாவுக்கு அவர்மேல் தீராத மனக்குறை. "பனியன்னு ஒரு துணியா? ஊசியில குத்துன ஓட்டைய வெலைக்கு விக்கிறானுங்க. ரெண்டு வருசம் பாரு, அத்தன கம்பெனியும் சாத்திருவானுங்க" என்பார். அப்பா சொன்னபடி நடந்திருந்தால் இன்று திருப்பூரில் சோளம்தான் விளைந்துகொண்டிருக்கும். காங்கேயத்தில் அரிசி மில்லும் தோப்பும் வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து அக்காவைக் கேட்டிருந்தார்கள். கடலைக்காய் எடுத்து விற்றதும் நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று அப்பா வாய்ப்பேச்சாகச் சொல்லியும் விட்டார். அந்த வருஷத்துக் கடலைக்காய்தான் கல்யாணச் செலவு. அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் காலத்தில் யாரைத்தான் கேட்டார்கள்?

அந்த ஐப்பசியில் தீபாவளி லீவுக்கு மச்சான் வந்தார். கையில் துணி மூட்டை, அப்பாவுக்கு இரண்டு புதுப் பனியன், எனக்கு மத்தாப்பு. அப்பா பனியனைத் தொடாமல் கட்டில்மேல் வைத்தார். மச்சான் சளைக்கவில்லை. மாமனை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். தண்ணீர் கட்டினார், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டார், அப்பா முன்னால் வந்தால் எழுந்து நின்றார். அப்பா அவரை விருந்துக்கு வந்த ஒறம்பரைக்காரரைப் போல வாங்க போங்க என்று பேசினார். அது திட்டுவதைவிட மோசம்.

தீபாவளிக்கு முன்தினம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா பன்றிக்கு வெடித்துவிட்டுக் குழலைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா கழுவிக் காயவைத்துவிட்டு எண்ணெய்ச் செம்பை எடுத்தால், குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. அடுப்பு ஓரம் வைத்து இளக்கப் போனாள். மச்சான் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏனுங்கத்தை, உறையற எண்ணெயவா மெஷினுக்குள்ள உடுவீங்க?"

"இது மெஷினில்லீங் கண்ணு, துப்பாக்கி."

"இரும்புன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க."

பைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் எடுத்தார். தண்ணீர் போலத் தெளிவான எண்ணெய். கம்பெனியில் பின்னல் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெயாம். உறையாது, ஒட்டாது, துணியில் கறை வைக்காது, சீமையிலிருந்து வருகிறது. அவர் அதைக் கையில் பிடித்த விதத்தைப் பார்த்தால் பழனி மலைத் தீர்த்தம் தோற்றுவிடும். நூற்றுக்கணக்கான ஊசிகள் அந்த எண்ணெயில்தான் விடிய விடிய ஆடுகின்றன என்று எனக்குச் சொன்னார்.

"மாமாவோட துப்பாக்கி இனிமே வெண்ணெய்யாட்டம் ஓடும் பாருங்கத்தை."

அம்மா தயங்கினாள். "எங்கூட்டு வழக்கம் தேங்காயெண்ணெய்தான் கண்ணு..." என்று இழுத்தாள். அக்கா வாசல்படியில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாண்டி எந்தத் தாயால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? "செரி, உன்ற ஆசை" என்று சிரித்தாள். மச்சான் பனியன் துணியை எண்ணெயில் ஊறவைத்து, மெஷினுக்கு விடுகிற தாராளத்தோடு குழலுக்குள் இழுஇழு என்று இழுத்தார். அக்கா குழலைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது தெரிகிறது, அந்த எண்ணெய் ஊசிக்குத்தான் அமிர்தம். கருமருந்துக் கரியோடு அது சேராது. சேர்ந்தால் கரி தார் மாதிரி இறுகிவிடும். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பார்த்த அழுக்கெல்லாம் பஞ்சும் தூசியும்.

தீபாவளி அன்று விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். வானம் வெளுக்கிற நேரம். நாய் வாய்க்கால் பக்கம் பார்த்துக் குரைத்தது. ஒரு கூட்டம் பன்றி கடலைக்காட்டில் இறங்கிவிட்டது. அப்பா துப்பாக்கியோடு ஓடினார். ஒரு வெடி கேட்டது. இன்னொன்று கேட்டது. நாங்கள் வாசலில் நின்று மூன்றாவதுக்குக் காத்திருந்தோம். பன்றிகள் உறுமுகிற சத்தம்தான் கேட்டது.

அப்பா திரும்பி வந்தார். துப்பாக்கியின் வாயிலிருந்து கம்பி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மருந்தைப் போட்டு, நாரை வைத்து இடித்தபோது நடுக்குழலில் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அப்பா காலால் கட்டையை மிதித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார். மச்சானும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"காடே போகுது. கம்பியோட சேத்து வெடிச்சு உட்டர்றேன்" என்று அப்பா இடுப்பிலிருந்து கேப்பை எடுத்தார்.

மச்சான் பாய்ந்து வந்து குழலின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டார்.

"வேண்டாமுங்க மாமா! குழலு பொளந்துருமுங்க. கையும் மூஞ்சியும் போயிருமுங்க."

"எடுரா கைய!"

"என்ன வேணாலும் சொல்லுங்க, எடுக்க மாட்டனுங்க."

அதுவரைக்கும் அப்பாவை எதிர்த்து ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடலைக்காட்டில் மண்ணைக் கிளறுகிற சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. அப்பாவின் கண் அம்மாமேல் திரும்பியது.

"நேத்து என்ன எழவக் கழுவுனே? இத்தன வருசமா ஒருக்கா நின்னுருக்குதா இது?"

எண்ணெய் விட்டது யார் என்று அம்மா சொன்னால் அவ்வளவுதான், அக்காவின் கதை அந்த நிமிஷத்தோடு முடிந்தது. சொந்தத் துப்பாக்கியைக் கெடுத்தவனுக்குப் பெண் கொடுப்பாரா அப்பா? அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"சாரல்ல செரியாக் காய வெக்கலீங்க. என்ற தப்புத்தானுங்க" என்றாள்.

அப்பா மேலே எதுவும் பேசுவதற்குள் மச்சான் வாயைத் திறந்தார். விரலைக் குழலின் மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"அத்தை இல்லீங்க மாமா. நாந்தானுங்க. கம்பெனி எண்ணெய உட்டு இழுத்தனுங்க. அதுதானுங்க இப்பிடி இறுகிப் போச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டா, அவதான் ஏத்துக்கிட்டாளே. நீ கம்முனு இருந்திருக்கலாமல்லோ?"

"கம்பெனியில ஒரு ஊசி ஒடைஞ்சா துணி நெடுகக் கோடு உழுந்துருமுங்க மாமா. மறைக்க முடியாதுங்க. ஒடனே சொல்லி மெஷின நிறுத்திப் பழகிப்போச்சுங்க."

நான் கொஞ்சம் நம்பிக்கையோடு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா அப்படியெல்லாம் சுலபத்தில் இளகுகிற ஆள் இல்லை.

"நல்லா நிறுத்துனே மெஷின! ஒரு துப்பாக்கியக் கழுவத் தெரியல உனக்கு. நீ என்னத்தக் குடித்தனம் பண்ணி, என்னத்தக் காப்பாத்தப் போறே?"

"அவரு கழுவ வேண்டாமுங்கப்பா."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினோம். அக்கா. கையில் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியைத் துணி வைத்துப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். கம்பி மாட்டிக்கொண்டது என்று கேட்டதுமே அடுப்பில் வைத்திருப்பாள் போலிருக்கிறது. ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய மனுஷியானதிலிருந்து அப்பாவின் எதிரில் முழுசாக ஒரு வாக்கியம் பேசாதவள் அவள்.

"எனக்குக் கழுவத் தெரியுமுங்க. அவரு மெஷினப் பாத்துக்கட்டும். நான் கழுவிக்கறனுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள் என்று பார்த்தேன். குனியவில்லை. என் அக்காவை அன்றைக்கு நான் எவ்வளவு பெருமையாகப் பார்த்தேன் தெரியுமா? பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் வரவில்லை.

அப்பா அக்காவைப் பார்த்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார். இன்னும் குழலின் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த அந்த விரலைப் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஓட்டுக்கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கேப்பை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு அப்பா துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார். அதற்குப் பிறகுதான் மச்சான் குழலின் மூக்கிலிருந்து விரலை எடுத்தார்.

"தண்ணி ஆறுது. ஊத்துங்க" என்றார் அப்பா.

பொதுவாகச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாதபடி சொன்னார். மருந்து முதலில் நனைய வேண்டும், நனைந்துவிட்டால் பயமில்லை என்று அம்மா மச்சானுக்குச் சொல்ல, அக்கா ஊற்ற வந்தாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. கம்பி மாட்டிய குழலிலிருந்து கறுப்புத் தண்ணீர் எப்படி வரும் என்று பார்க்க ஈயச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா சட்டியைப் பிடுங்கி அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நீ வா கண்ணு. காட்டப் பாத்துட்டு வரலாம்."

"நான் வல்லீங்கப்பா. தண்ணி வாரதப் பாக்கோணும்."

"வான்னா வரோணும்."

இழுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் அம்மாவையும், "நீ போயி அடுப்பப் பாரு புள்ள, எண்ணெய் காயுது" என்று உள்ளே அனுப்பினார். அடுப்பில் எண்ணெயே வைக்கவில்லை. நான் வரப்பு நெடுகிலும் அழுதுகொண்டே போனேன். என்னை எதற்கு அங்கே இருக்கவிடவில்லை என்று விளங்க எனக்கே கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் தனியாக ஒரு பேச்சுப் பேச, அப்பா அவர்களுக்குக் கொடுத்த முதல் நேரம் அது. மண்ணெண்ணெயும் வெந்நீருமாக மாற்றி மாற்றி ஊற்றி, மதியத்துக்குள் கம்பியை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை எடுக்க மதியம்வரை ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

காட்டில் பன்றிகள் போய்விட்டிருந்தன. வாய்க்கால் ஓரத்திலிருந்து பாதிக் காடு உழுது போட்ட மாதிரி கிடந்தது. செடியெல்லாம் வேர் மேலே பார்க்கக் கவிழ்ந்து, தோல் தோலாகக் கடலைக்காய். ஈர மண் வாசனை. மூட்டை மூட்டையாகக் காங்கேயம் போக வேண்டிய கடலைக்காய் அது. மில்லுக்காரர் வீட்டு நிச்சயம், பந்தல், சீர் எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது. நான் அழுகையை நிறுத்திவிட்டேன். அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன்.

அப்பா கத்தவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். கவிழ்ந்த செடி ஒன்றை எடுத்து மண்ணை உதறினார்.

"உங்கக்கா எப்பயிருந்து இப்பிடிப் பேசறா?"

"இன்னைக்குத்தானுங்கப்பா பேசுனா. ஆனா எல்லார்த்துக்கும் தெரியுமுங்க."

"என்ன தெரியும்?"

"மச்சான் வந்தா ரெண்டு தடவ தல வாருவா."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, முன்னால் போய்ப் பார்க்கவும் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பன்றி விட்டுவிட்டுப் போன காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து என் பாவாடையில் போட ஆரம்பித்தார். புதுப்பாவாடை, தீபாவளிப் பாவாடை. மண்ணோடு போட்டார். நான் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றேன். அந்த வரிசை முடிந்ததும் எழுந்து, என் பாவாடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, உங்கக்கா கண்ணாலத்துக்கு இது பத்துமா?"

நான் நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்து நன்றாகப் பார்த்தேன். ஒரு படிகூடத் தேறாது.

"பத்தாதுங்கப்பா" என்றேன்.

"உங்க மச்சானுக்கு இது பத்தும்" என்றார் அப்பா.